கந்தோர்க் கதிரையின் கதை: நாங்கள் இருக்கும் இருக்கை யாருடைய உடலுக்காகச் செய்யப்பட்டது?

‘கந்தோர்’ என்ற சொல்லை எங்களுக்கு விட்டுச் சென்றவர்கள் ஒல்லாந்தர். ‘கதிரை’ அதற்கும் முன்னர் வந்த போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’விலிருந்து வந்தது. மேசையும் அலுமாரியும் அதே வழியில் வந்த சொற்கள்தான். போர்த்துக்கேயரின் சொல்லுக்கு மூலமான ‘கதெட்ரா’ என்ற இலத்தீன் சொல் ஆயரின் ஆசனத்தையும் குறித்தது. ஆயரின் ஆசனம் இருக்கும் தேவாலயத்தைக் ‘கதீட்ரல்’ என்று அழைப்பது அதனால்தான். பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகிய எங்களுக்குக் கதிரை அதிகாரத்தோடு சேர்ந்து வந்த பொருள். அரச அலுவலகம் ஒன்றில் கோவையைக் கையில் வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்ற எவருக்கும் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது மணித்தியாலங்கள் கணினிக்கு முன்னால் இருந்து செய்திகளைச் செம்மைப்படுத்துபவன். கதிரைகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம் எனது நண்பர் ஒருவர். இறுதி யுத்தத்தில் காயப்பட்டவர். முள்ளந்தண்டுக்கு அருகில் செல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. கணக்கு வேலையில் கெட்டிக்காரர். தான் வேலை செய்த இடத்தில் உயரம் மாற்றக்கூடிய, முதுகுக்கு அணை உள்ள கதிரை ஒன்றைக் கேட்டார். அது முகாமையாளர் தரத்தில் உள்ளவர்களுக்கு உரியது என்று பதில் வந்தது. ஒரு கதிரை எப்போது, எவ்வாறு பதவியின் அடையாளமானது? அதை வடிவமைத்தவர்கள் யாரை மனதில் வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

சுழலும் கதிரையும் சில்லு வைத்த கதிரையும்

இன்றைய அலுவலகக் கதிரையின் அம்சங்கள் ஒரே நாளில் ஒன்றுசேர்ந்தவை அல்ல. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன் 1776 ஆம் ஆண்டளவில் சாதாரண மரக்கதிரை ஒன்றைச் சுழலும் கதிரையாக மாற்றிப் பயன்படுத்தினார். அந்தக் கதிரை இன்றும் பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவச் சங்கத்திடம் உள்ளது. இங்கிலாந்தில் சார்ள்ஸ் டார்வின் தனது வாசிப்பு அறையில் இருந்த கைப்பிடிக் கதிரையின் கால்களுக்குச் சில்லுகளைப் பொருத்தினார். ஆய்வுக்கான மாதிரிகள் பரப்பியிருந்த மேசைகளுக்கிடையில் எழும்பாமலேயே நகர்வதற்கு அது அவருக்கு உதவியது.

இவை தனிமனிதர்கள் தமக்காகச் செய்துகொண்ட மாற்றங்கள். தொழிற்சாலையில் செய்து விற்கப்பட்ட கதிரைகளில் முக்கியமானது அமெரிக்கரான தோமஸ் வொறன் 1849 இல் வடிவமைத்த வார்ப்பிரும்புக் கதிரை. நியூயோர்க் மாநிலத்தின் ட்ரோய் நகரில் செய்யப்பட்டது. இருக்கைக்குக் கீழே வளைந்த உருக்குச் சுருள்விற்கள் இருந்தன. அதனால் அது சுழன்றது, எல்லாப் பக்கமும் சாய்ந்தது, சில்லுகளில் ஓடியது. 1851 இல் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். சுழல்வது, சாய்வது, உருள்வது ஆகிய மூன்றும் 170 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரே கதிரையில் இருந்துள்ளன. உயரத்தை இலகுவில் மாற்றுவதும் இடுப்புக்குத் தனியாக அணை கொடுப்பதும்தான் பின்னர் வந்தவை.

புகையிரதப் பாதைகளும் தபாலும் வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் பெருகியபோது கடிதமும் கணக்கும் பெருகின. ஒரே இடத்தில் நாள் முழுவதும் இருந்து எழுதுகின்ற பெரியதொரு தொழிலாளர் கூட்டம் உருவாகியது. அலுவலகக் கதிரைக்குச் சந்தை அப்படித்தான் பிறந்தது.

மூன்று கால் கதிரையின் பாடம்

1906 இல் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் லார்கின் நிறுவனத்தின் தலைமைக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்த பிராங்க் லொயிட் ரைட் உலோக மேசைகளையும் கதிரைகளையும்கூடத் தானே வரைந்தார். சில கதிரைகள் மேசையோடு பொருத்தப்பட்டிருந்தன. அவற்றை வெளியே இழுத்து இருக்கவும் உள்ளே மடக்கவும் முடியும். கூட்டித் துடைப்பதற்கு அது வசதி. ஆனால் இருப்பவர் தன் விருப்பப்படி முன்னும் பின்னும் நகர முடியாது.

1939 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் திறக்கப்பட்ட ஜோன்சன் மெழுகு நிறுவனத்தின் கட்டடத்துக்கு ரைட் மூன்று கால் கதிரை ஒன்றை வடிவமைத்தார். இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி நேராக இருந்தால் மட்டுமே அது சரியாமல் நிற்கும். ஒரு காலை மற்றக் காலின் மேல் போட்டால் ஆபத்து. ரைட்டையே அதில் இருக்கச் சொன்னபோது அவரும் விழுந்தார் என்றொரு கதை உண்டு. பின்னர் நான்காவது கால் சேர்க்கப்பட்டது.

இங்குள்ள கணக்கு எளிமையானது. கதிரையின் கால் நுனிகளை நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு வடிவம் கிடைக்கும். உடலின் பாரம் அந்த வடிவத்துக்குள் விழும்வரை கதிரை கவிழாது. மையத்திலிருந்து சம தூரத்தில் கால்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று கால் என்றால் மையத்திலிருந்து மிக அருகில் உள்ள ஓரத்துக்கான தூரம், காலின் நீளத்தில் 50 வீதம் மட்டுமே. நான்கு கால் என்றால் 71 வீதம். ஐந்து கால் என்றால் 81 வீதம். சில்லுக் கதிரைகளில் இன்று ஐந்து கால்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். 1970களில் இருந்து ஐரோப்பாவில் இது பாதுகாப்பு நியமமாக மாறத் தொடங்கியது. ஒரு காலை இழந்தவருக்கும் பொய்க்கால் அணிந்தவருக்கும் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். எழும்பும்போதும் இருக்கும்போதும் அவர்களது பாரம் ஒரு பக்கமாகவே விழும்.

யாருக்கு எந்தக் கதிரை?

பிரெடரிக் டெய்லரின் ‘விஞ்ஞான முகாமைத்துவம்’ 1911 இல் நூலாக வெளிவந்தது. தொழிற்சாலைக்குச் சொல்லப்பட்ட அந்தக் கருத்துகளை வில்லியம் லெபிங்வெல் 1917 இல் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். எழுதுநரின் ஒவ்வோர் அசைவும் நேரத்தால் அளக்கப்பட்டது. தட்டெழுத்தாளர்களுக்குக் கைப்பிடி இல்லாத, சிறிய முதுகணை மட்டும் கொண்ட கதிரைகள் வந்தன. அவற்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சாய்ந்து ஓய்வெடுக்க இடமளிக்காத கதிரை அது. முகாமையாளருக்கோ உயர்ந்த முதுகும் கைப்பிடியும் தோல் உறையும் கிடைத்தன. நாள் முழுவதும் அசையாமல் இருந்து வேலை செய்பவருக்கு எளிய கதிரையும், அடிக்கடி எழும்பிக் கூட்டங்களுக்குப் போகின்றவருக்கு வசதியான கதிரையும் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. எனது நண்பருக்குக் கிடைத்த பதிலின் பூர்வீகமும் இதுதான்.

அதே காலத்தில் வேறு விதமாகச் சிந்தித்தவர்களும் இருந்தார்கள். பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியினரும் அசைவுகளை ஆராய்ந்தவர்கள்தான். ஆனால் களைப்பைக் குறைக்கும் வழிகளை அவர்கள் தேடினார்கள். நின்று வேலை செய்பவர்களுக்குக் கதிரை கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்கள். முதலாம் உலகப்போரில் கை, கால்களையும் பார்வையையும் இழந்து திரும்பியவர்களுக்காக 1920 இல் ஒரு நூலையும் வெளியிட்டார்கள். காயப்பட்டவர் வேலைக்குப் பொருந்துவாரா என்று கேட்பதை விட, வேலையையும் கருவியையும் அவருக்குப் பொருந்தும்படி மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும் என்பதே அவர்களது வாதம். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் சொல்லப்பட்டது இது.

‘சராசரி மனிதர்’ என்று ஒருவர் இல்லை

இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் உடல் அளவுகள் பெருமளவில் சேகரிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி படைவீரர்களின் அளவுகள். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய கில்பேர்ட் டானியல்ஸ் என்ற ஆய்வாளர் 4,063 விமானிகளின் அளவுகளை எடுத்து ஆராய்ந்தார். உயரம், மார்பு, கை நீளம் போன்ற 10 அளவுகளிலும் சராசரிக்குக் கிட்ட இருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தார். ஒருவர்கூட இல்லை. 1952 இல் வெளியான இந்த முடிவு, சராசரிக்கு என்று செய்யப்படும் இருக்கை எவருக்கும் முழுமையாகப் பொருந்தாது என்பதைக் காட்டியது. மாற்றியமைக்கக்கூடிய இருக்கையே வழி என்றானது.

ஹென்றி ட்ரைபஸ் என்ற வடிவமைப்பாளர் உடல் அளவுகளை வரைபடங்களாக்கி 1960 இல் வெளியிட்டார். அவற்றில் வரும் ஆணுக்கு ஜோ என்றும் பெண்ணுக்கு ஜோசபின் என்றும் பெயர் வைத்தார். அவரது நிறுவனத்தில் இருந்த நீல்ஸ் டிப்றியன்ட், அல்வின் ரில்லி ஆகியோர் 1974 இல் அதை விரிவாக்கியபோது முதியவர்களின் அளவுகளையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களின் அளவுகளையும் சேர்த்தார்கள். மேசையின் உயரம், அதன் கீழ் முழங்கால் போவதற்கான இடம், கை எட்டும் தூரம் ஆகியவற்றை அவர்களுக்காகவும் கணக்கிடும் பழக்கம் வடிவமைப்பாளர்களிடையே அதன் பின்னரே பரவியது.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

வைத்தியர்களும் இதே காலத்தில் கதிரையைக் கவனிக்கத் தொடங்கினார்கள். சுவீடனைச் சேர்ந்த பெங்ட் ஓகர்புளொம் 1948 இல் வெளியிட்ட ஆய்வில், முதுகணை இடுப்புப் பகுதியில் முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும் என்று காட்டினார். அமெரிக்க வைத்தியர் ஜே கீகன் 1953 இல் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு, தொடைக்கும் உடலுக்கும் இடையிலான கோணம் குறுகும்போது இடுப்பு வளைவு தட்டையாகிறது என்பதை உறுதிப்படுத்தினார்.

1960களில் சுவீடனின் அல்ப் நாகெம்சன் முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே உள்ள வட்டத்தட்டினுள் ஊசியொன்றைச் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார். நிற்பதை விட அணையில்லாமல் இருக்கும்போது அழுத்தம் சுமார் 40 வீதம் கூடுதல் என்று கண்டார். இந்த இலக்கம் பல ஆண்டுகள் பாடநூல்களில் இருந்தது. 1999 இல் ஜேர்மனியின் உல்ம் நகரில் புதிய கருவிகளைக் கொண்டு அளந்தபோது வேறு முடிவு வந்தது. நிற்கும்போது 0.50 மெகா பஸ்கால், அணையில்லாமல் இருக்கும்போது 0.46, கதிரையில் சரிந்து சாய்ந்திருக்கும்போது 0.27. அந்த ஆய்வுக்கு உட்பட்டவர் ஒருவர் மட்டுமே. ஆகையால் அதையும் இறுதி வார்த்தையாகக் கொள்ள முடியாது. ஆனால் ‘நேராக நிமிர்ந்து இரு’ என்ற ஒரே கட்டளை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாமல் போனது. ஒரே நிலையில் நீண்ட நேரம் இருப்பதே உடலுக்குக் கெடுதல் என்பதில்தான் பெரும்பாலானோர் உடன்படுகிறார்கள்.

அதனால் 1970களின் கதிரைகள் அசைவுக்கு இடம் கொடுக்கத் தொடங்கின. எமிலியோ அம்பாஸ், ஜியான்கார்லோ பிரெட்டி ஆகியோரின் ‘வேர்டெப்ரா’ கதிரையில், இருப்பவர் சாயும்போது முதுகணையும் தானாகவே சாய்ந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நிலைகளை ஆராய்ந்த பில் ஸ்டம்ப், 1976 இல் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ‘ஏர்கோன்’ கதிரையை வடிவமைத்தார். வாயு உருளையால் உயரத்தை மாற்றும் முறையும் அக்காலத்தில் பரவியது. நெம்பை இழுத்தால் உருளைக்குள் உள்ள அடைப்பு திறக்கும். அழுத்தி அடைக்கப்பட்ட நைதரசன் வாயு இருக்கையை மேலே தள்ளும். நெம்பை விட்டதும் அடைப்பு மூடி, இருக்கை அந்த உயரத்திலேயே நிற்கும்.

எழும்ப முடியாதவர்களிடமிருந்து வந்த கதிரை

இந்த வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்த பகுதி இது. உலகிலேயே மிகவும் அறியப்பட்ட அலுவலகக் கதிரை 1994 இல் ஹேர்மன் மில்லர் வெளியிட்ட ‘ஏரோன்’. பில் ஸ்டம்ப், டொன் சாட்விக் இருவரும் அதை வடிவமைத்தார்கள். அதில் பஞ்சு மெத்தை கிடையாது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை போன்ற துணி மட்டுமே. அந்த யோசனை அலுவலகத்தில் பிறக்கவில்லை.

அதற்கு முன்னர் அந்த நிறுவனம் முதியவர்களுக்கான தளபாடங்களைப் பற்றி ஆராய்ந்திருந்தது. ஸ்டம்பும் சாட்விக்கும் முதியவர்கள் நாள் முழுவதும் சாய்வுக் கதிரையில் இருப்பதைக் கவனித்தார்கள். தடித்த பஞ்சு வெப்பத்தையும் வியர்வையையும் வெளியே விடவில்லை. பாரம் ஒரே இடத்தில் அழுத்தியது. படுக்கைப் புண்கள் வந்தன. இதற்குத் தீர்வாக, மெல்லிய பஞ்சை இழுத்துக் கட்டிய துணியின் மேல் தாங்க வைத்த ‘சாரா’ என்ற கதிரையை 1980களின் இறுதியில் உருவாக்கினார்கள். அது விற்பனைக்கு வரவேயில்லை. முதியவர்களுக்கான கதிரைக்குச் சந்தை இருப்பதாக நிறுவனம் நம்பவில்லை. அந்த அறிவைக் கொண்டு, பஞ்சை முழுதாக நீக்கி, அலுவலகத்துக்கு என்று செய்ததே ஏரோன். அது மூன்று அளவுகளில் வந்தது. பதவிக்கு ஏற்ப அளவு மாறவில்லை. இருப்பவரின் உடலுக்கு ஏற்ப மாறியது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் பெரும் பணத்தோடு தொடங்கிய இணைய நிறுவனங்கள். 2000 ஆம் ஆண்டுக்குப் பின் அவை சரிந்தபோது, வெறிச்சோடிய அலுவலகங்களில் கிடந்த ஏரோன் கதிரைகளே அந்த வீழ்ச்சியின் படமாகின.

படுக்கைப் புண்ணை அறியாதவர்கள் எங்களிடையே குறைவு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட பிள்ளையை, கணவரை, சகோதரியைப் பராமரிக்கும் வீடுகளில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. நாங்கள் இருக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி இடுப்பின் கீழுள்ள இரு எலும்பு முனைகளின் மேல் விழுகிறது. அங்குள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் நசுங்குகின்றன. உணர்வு உள்ளவருக்கு வலிக்கும். அவர் அறியாமலேயே அசைந்து கொள்வார். உணர்வற்றவருக்கு அந்த எச்சரிக்கை வராது. வியர்வையும், கீழே சறுக்கும்போது தோல் இழுபடுவதும் புண்ணை விரைவுபடுத்தும்.

இரண்டாம் உலகப்போர் வரை முள்ளந்தண்டுக் காயம் பெரும்பாலும் மரணத்தில் முடிந்தது. புண்ணும் சிறுநீர்த் தொற்றும் உயிரைப் பறித்தன. நாஜி ஜேர்மனியிலிருந்து அகதியாகப் பிரித்தானியாவுக்கு வந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்ரோக் மன்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். காயப்பட்டவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரவும் பகலும் திருப்பிப் படுக்க வைத்தார். அவர்கள் உயிர் பிழைத்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் வேலைக்குப் போக வேண்டும் என்பதும் அவரது உறுதி. 1948 இல் அவர் அங்கு நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னர் பராலிம்பிக் விளையாட்டாக வளர்ந்தது.

உங்கள் கதிரையைச் சரிபார்க்க

விலையுயர்ந்த கதிரை எல்லோருக்கும் கிடைக்காது. கையில் இருப்பதைச் சரிசெய்ய மேற்சொன்ன வரலாறு சில வழிகளைத் தருகிறது.

இருக்கையின் உயரம்: இரு பாதங்களும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும். கதிரையைத் தாழ்த்த முடியாவிட்டால் பாதத்துக்குக் கீழே பலகையோ கட்டையோ வைக்கலாம்.

இருக்கையின் ஆழம்: முதுகு அணையைத் தொடும்படி இருக்கும்போது முழங்காலின் பின்பக்கத்துக்கும் இருக்கை ஓரத்துக்கும் இடையில் இரண்டு, மூன்று விரல் இடைவெளி வேண்டும்.

இடுப்பு: அணை தட்டையாக இருந்தால் சுருட்டிய துவாய் ஒன்றை இடுப்பு வளைவில் வைக்கலாம்.

பொய்க்கால் அணிந்தவர்கள்: உறுதியான இரு கைப்பிடிகளும், சற்று உயர்ந்த இருக்கையும் எழும்புவதை இலகுவாக்கும். வழுவழுப்பான நிலத்தில் சில்லுக் கதிரையை விட, சில்லு இல்லாத கதிரையே பாதுகாப்பு.

உணர்வு குறைந்தவர்கள்: சாதாரண பஞ்சு மெத்தை போதாது. முள்ளந்தண்டுப் பிரிவிலோ உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமோ பொருத்தமான மெத்தையைப் பற்றிக் கேளுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையைத் தவிர்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலுக்குக் குருதி போவதை அது தடுக்கிறது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, ஓரிரு நிமிடம் முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து பாரத்தை நீக்குங்கள். ஒவ்வொரு நாளும் கண்ணாடியால் அல்லது வீட்டார் ஒருவரின் உதவியுடன் தோலைப் பாருங்கள். மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் அதன் மேல் இருப்பதை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள்: இவர்களுக்குத் தேவை மேசையின் கீழ் முழங்காலும் கைப்பிடியும் போகும் இடம். மேசைக் கால்களின் கீழ் நாலு கட்டைகளை வைத்து உயர்த்தினாலே பல இடங்களில் இது தீரும்.

இலங்கையில் அங்கவீனமுற்ற ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 முதல் இருக்கிறது. வேலை பெறுவதில் அங்கவீனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று அது கூறுகிறது. அங்கவீனமுற்றோரின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை அரசு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27 ஆவது உறுப்புரை, வேலைத்தளத்தில் அவர்களுக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்று கூறுகிறது. உயரம் மாறும் கதிரையும் உயர்த்திய மேசையும் அத்தகைய மாற்றங்களே. கேட்கும்போது எழுத்தில் கேளுங்கள். வைத்தியரின் குறிப்பை இணையுங்கள். எந்த அளவில், என்ன அம்சத்தோடு வேண்டும் என்பதைக் குறிப்பிடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியொன்றைத் திகதியோடு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.